லேப்டாப்பைக் கட்டிலுக்கடியில் விட்டுப் போன நாள்

புகைப்படத் தொழிலில் படம் எடுப்பது பாதி வேலைதான். எடுத்ததை ஒன்றும் ஆகாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பது மறுபாதி, அந்த மறுபாதியில்தான் நம்மில் பலர் கவிழ்ந்திருக்கிறோம்.

எனக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் நிரந்தர இரவு ஷிப்ட். காலையில் உலைச் சூட்டிலிருந்து வெளியே வந்தால் உடம்பு படுக்கச் சொல்லும், மனசு படுக்காது. புரண்டு புரண்டு பார்த்துவிட்டு எழுந்து உட்காருவேன். அந்தப் பகல்களை என்ன செய்வது என்று தெரியாமல்தான் ஒரு பழைய கேமராவை வாங்கினேன். யாரும் சொல்லித் தரவில்லை. யாரிடமும் போய்க் கேட்கிற சுபாவமும் எனக்கு இல்லை. அடுத்தவர் வீட்டு விசேஷங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்தே தொழிலைக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் புகைப்படக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்: “வெளியூர் வேலைக்குப் போனா லேப்டாப் எடுத்துகினு போணுமா, வாணாமா?” பை வார் அழுத்தி அழுத்தி ஒரு பக்கத் தோள் மட்டும் இறங்கிப்போன சக பாவிகளே, இதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் அது எனக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொல்ல முடியாது.

பையில் என்ன?

என் முதல் லேப்டாப், ஒரு கம்பெனி ஆபீஸில் கழித்துப் போட்டது. சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோ இருக்கும். திறக்கும்போது கீல் ஒரு சத்தம் போடும், சாப்பாட்டுப் பந்தியில் இருக்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். பேட்டரி என்று ஒன்று உள்ளே இருந்ததே தவிர, ஒயரைப் பிடுங்கினால் பத்து நிமிஷத்தில் மூச்சை விட்டுவிடும். இருந்தாலும் அதைச் சுமந்தேன். லேப்டாப் திறந்துவைத்து உட்கார்ந்தால்தான் நம்மைப் பெரிய போட்டோகிராபர் என்று நினைப்பார்கள் என்று ஒரு எண்ணம். படத்தைப் பத்திரப்படுத்தத்தான் அது என்பது அப்போது எனக்கு இரண்டாவது காரணம்.

ஒருநாள் இரவு ஷிப்ட் முடித்து, காலையில் நேராக ஒரு வேலைக்காக மின்சார ரயில் ஏறினேன். நிற்க இடமில்லை. என் பை பக்கத்தில் இருந்தவரின் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. எங்கள் மில்லிலேயே பேக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர்தான் அவர். இரண்டு ஸ்டேஷன் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் பையைக் கையால் தூக்கி எடை பார்த்துவிட்டு, பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: “இன்னாண்ணே இது, கேமராவா? மில்லுலேர்ந்து ஒரு கட்டுக் கம்பிய உருவிகினு போற மாதிரி கீது!”

கண்ணாடி சொல்லாதது

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. கேமராவின் மெமரி கார்டு நிரம்பிவிட்டது. படங்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொள்ளலாம் என்று பந்தல் ஓரமாக உட்கார்ந்து திறந்தேன். அது நான் செய்த தப்பு. படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வர வர, வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் முதல் மீன் கூடையோடு வந்தவர்கள் வரை என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள். கழுவாத மீன் வாசனையோடு ஒரு விரல் திரையைத் தொட்டது: “தோ, இது யாரு, நானா?” நம் தொழிலில் வேகாத சோற்றை யாரும் பரிமாறுவதில்லை. கை வைத்துத் திருத்தாத படத்தைக் காட்டினேன், அனுபவித்தேன்.

ஒருத்தி தன் படத்தை அழிக்கச் சொன்னாள். அவளுடைய நாத்தனார் அதை அழிக்கக்கூடாது என்றாள், ஏனென்றால் அதில் நாத்தனார் நன்றாக இருந்தாள். மணலும் உப்புக்காற்றும் பொத்தான்களுக்குள் போய், கீழ் வரிசை அன்றைக்கே வேலைநிறுத்தம் செய்தது. பெண்ணின் அத்தை, வாட்டசாட்டமான அம்மாள், என் முன்னால் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் தன் படத்தையே பார்த்தார். அப்புறம் தீர்ப்பு சொன்னார்: “எங்க ஊட்டுக் கண்ணாடியில நான் இப்டி இல்ல. உன் பொட்டிதான் பேஜாரு பண்ணுது, அத மாத்து மொதல்ல.”

ஐஸ்கிரீம்

எட்வினை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் மில்லில் ஃபிட்டர், ஊர் ஆரம்பாக்கம், என்னைவிடப் பத்து வயது சின்னவன். என்னோடு இரண்டாவது கேமராவாக வருவான். நான் அதிகம் பேச மாட்டேன். அவன் எனக்கும் சேர்த்துப் பேசுவான். ஆந்திர எல்லையில் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் போனோம். மண்டபத்தில் எங்கே தேடியும் லேப்டாப்புக்கு ஒரு பிளக் கிடைக்கவில்லை. சமையல்கட்டுப் பக்கம் ஒரு வெள்ளைப் பெட்டி சும்மா நின்றுகொண்டிருந்தது. அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு என் சார்ஜரைச் சொருகினேன். அது ஐஸ்கிரீம் பெட்டி என்பது பந்தியில் கப்புகள் வந்தபோதுதான் தெரிந்தது. எல்லாரும் ஸ்பூனை வைத்துவிட்டுப் பாயசம் மாதிரி குடித்தார்கள்.

மாப்பிள்ளையின் மாமா நேராக என்னிடம் வந்தார். “இன்னா நைனா, போட்டோ புடிக்க வந்தியா, உம் பொட்டிக்குப் பால் ஊட்ட வந்தியா?” என்றார். நூறு பேர் சிரித்தார்கள். சிரிப்பது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் சிரித்தால் உள்ளே ஒன்று இறுகிவிடும். திரும்பி வரும் பஸ்ஸில், இந்தச் சனியனை இனி எடுத்து வருவதில்லை என்றேன். வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பஸ்ஸிலேயே எட்வின் ஒன்று சொல்லியிருந்தான், நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “ஐஸ்கிரீம் போனா வேற வாங்கிக்கலாம்ணா. கார்டு போனா இன்னா பண்ணுவ?”

காலிக்கு எதுக்குப் பேரு?

கார்டு வைக்கும் சின்ன உறை உங்களிடமும் இருக்கும். ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கணக்கு உண்டு. என் கணக்கு, கார்டின் முகம் தெரிந்தால் அது காலி, எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கவிழ்த்து வைத்திருந்தால் நிரம்பியது, தொடாதே. எட்வினுடைய கணக்கு இதற்கு நேர் எதிர். அவனுடைய அப்பாவுக்குப் பக்கவாதம். அவருக்கு மருந்து கட்டுகிற வெள்ளை பிளாஸ்திரி எப்போதும் அவன் பையில் இருக்கும். நிரம்பிய கார்டில் அதை ஒரு துண்டு ஒட்டி, யார் வீட்டு விசேஷம் என்று எழுதி, எழுத்து தெரிகிற மாதிரி வைப்பான். காலிக் கார்டைக் கவிழ்த்துவிடுவான்.

ஒரே உறையில் இரண்டு கணக்கு ஓடினால் என்றைக்காவது ஆபத்து என்று பேச்சு வந்தது. மில் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டே முடிவு செய்தோம்: இனிமேல் எட்வின் கணக்குதான். நானும் சரி என்று தலையாட்டினேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் தலையாட்டினேன். ஏன் உன் கணக்கு என்று நான் கேட்டதற்கு அவன் சொன்னது இது: “நெறஞ்சதுக்குதாண்ணே பேரு வேணும். காலிக்கு எதுக்குப் பேரு?”

நாலு அடி

எட்வினின் தங்கை பிரிஸ்கில்லாவுக்கு ஆரம்பாக்கத்துச் சர்ச்சில் கல்யாணம். என் அன்பளிப்பாகப் படங்கள் நானே எடுப்பதாகச் சொல்லியிருந்தேன். இரவு ஷிப்ட் முடித்து அப்படியே போனேன். லேப்டாப் கட்டிலுக்கடியிலேயே இருந்தது. ஒரே படத்தை இரண்டு கார்டில் பதிகிற கேமராவும் அப்போது என்னிடம் இல்லை. எட்வின் என் பையைப் பார்த்துவிட்டு விருந்தாளிகளைக் கவனிக்கப் போனான். அன்று அவன் பெண்ணுக்கு அண்ணன், கேமராக்காரன் இல்லை.

பாதிரியார் போன்களை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டதால் எல்லாரும் சர்ச்சுக்குள் கையைக் கட்டி நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நாங்கள் நாலு பேர்தான். சக்கர நாற்காலியில் எட்வினின் அப்பா மரியதாஸ், நாற்காலியைப் பிடித்தபடி எட்வின், கவுனைத் தூக்கிப் பிடித்தபடி பிரிஸ்கில்லா, முன்னால் நான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பெண்ணை உள்ளே அழைத்துப் போவதாகத்தான் ஏற்பாடு. மரியதாஸ் கையை உயர்த்தி நிறுத்தினார். நல்ல கையால் மகளின் தோளைப் பிடித்தார். எழுந்தார். தறி மாதிரி முழங்கால் ஆடியது. வாசற்படி வரைக்கும் நாலு அடி. எட்வின் வாயைப் பொத்திக்கொண்டான். யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் கட்டில் கம்பியைப் பிடித்து நின்று நின்று பழகியிருக்கிறார்.

நான் எடுத்தேன். ஆடும் முழங்கால், தரையை இழுத்துக்கொண்டு வரும் செருப்பு, பிரிஸ்கில்லாவின் முகம், எல்லாவற்றையும் எடுத்தேன். என் வாழ்க்கையில் எடுத்த நல்ல படங்கள் எவை என்று கேட்டால் அந்த ஏழெட்டுப் படங்களைத்தான் சொல்வேன். படியருகே மறுபடி நாற்காலியில் சாய்ந்ததும், மூச்சு வாங்க அவர் முதலில் என்னிடம்தான் கேட்டார்: “எட்துட்டியாப்பா? இன்னொரு வாட்டி என்னால நிக்க முடியாது.”

எதையும் விடாதீங்க

கல்யாணம் முடிந்து குடும்பப் படங்கள் எடுக்கும் அவசரத்தில் எட்வினே என் கேமராவிலிருந்து நிரம்பிய கார்டை எடுத்து, வேறு போட்டுக் கொடுத்தான். நிரம்பியதை உறையில் வைத்தான். சாயங்காலம் எனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். தூங்காத கண். காதில் போன், மறுமுனையில் ஷிப்ட் மேஸ்திரி. உறையைத் திறந்தேன். முகம் தெரிந்த கார்டை எடுத்துக் கேமராவில் போட்டு, வழக்கம்போல ஃபார்மட் கொடுத்தேன். பழைய கை, பழைய கணக்கு. கேமரா கேட்டது, எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று. அது எப்போதும் கேட்பதுதானே. சரி என்று அழுத்தினேன்.

நான் இதில் எவ்வளவு கெட்டவன் என்று தெரியாமலே ஒரு மணி நேரம் சந்தோஷமாக வேலை செய்தேன். குழந்தை கேக்கைக் கையால் அளைந்தது, எடுத்தேன். பலூன் வெடித்து அழுதது, அதையும் எடுத்தேன். குழந்தையின் அப்பா பின்னாலேயே வந்து உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்: “நல்லா எடுங்க சார், எதையும் விட்றாதீங்க. அப்பறம் வருமா?”

பிளாஸ்திரி

வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கடியிலிருந்து லேப்டாப்பை இழுத்துத் துடைத்து, கார்டைச் சொருகினேன். பிறந்தநாள் மட்டும்தான் வந்தது. மறுபடி சொருகினேன். மறுபடி பிறந்தநாள். கார்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். முகத்தில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதில் எட்வின் கையெழுத்து. ஊர், தேதி எதுவும் இல்லை. ‘தங்கச்சி’ என்று மட்டும் எழுதியிருந்தான்.

அந்த பிளாஸ்திரியை நகத்தால் உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அல்லது யோசித்துத்தான் செய்தேன். மறுநாள் ஆரம்பாக்கம் போனேன். கார்டு அழிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். எட்வினுக்கு முகம் வெளுத்தது. “முகம் தெரியற மாதிரி வச்சேனாண்ணே, கவுத்து வச்சேனா? பேரு ஒட்டியிருந்துச்சா?” என்று கேட்டான். சர்ச்சுக்குள் நடந்ததை அவன் கேமராவில் ஒரு சொந்தக்காரப் பையன் எடுத்திருந்தான், குடும்பப் படங்கள் வேறு கார்டில் இருந்தன. போனது அந்த நாலு அடி மட்டும். அது அவனுக்கும் தெரியும். “தெரியலப்பா, கவனிக்கல” என்றேன். சட்டைப் பையில் அந்தத் துண்டு நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

 எட்வின் உள்ளறைப் பக்கம் திரும்பினான். கட்டிலில் படுத்திருந்த மரியதாஸின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்: “அப்பா, கார்ட நான்தான் மாத்தி வச்சுட்டேன் போலப்பா. படம் இல்ல.”

மேல் பாதி

அழிந்ததை மீட்டுத் தருகிறவர் ஒருவரிடம் சென்னைக்குக் கார்டை எடுத்துப் போனேன். ஒரு வாரம் வைத்திருந்து ஒரே ஒரு படத்தைக் கொடுத்தார். மரியதாஸின் முகம் இருந்தது, மகள் தோளில் அவர் கை இருந்தது. இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அவர் நின்றாரா, உட்கார்ந்திருந்தாரா என்று அந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மீட்டுத் தந்தவர் கையை விரித்தார்: “மேல் பாதிதான் சார் வந்துச்சு. கீழ அடுத்த ஃபங்ஷன் ஏறிடுச்சு.”

நல்ல புத்திமதி

அதற்குப் பிறகு நான் லேப்டாப் இல்லாமல் தெருமுனைக்குப் போவதில்லை. புதுசாக, இலேசாக ஒன்று வாங்கினேன். ஒரு கார்டு நிரம்பினால் இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகுதான் தண்ணீர் குடிப்பேன். எட்வின் கேமராவை விற்றுவிட்டான். மில்லில் எதிரே வந்தால் “நாஷ்டா ஆச்சாண்ணே?” என்று கேட்பான், பதிலுக்கு நிற்க மாட்டான். பாதிப் படம் என் லேப்டாப்பிலேயே கிடந்தது. காட்டினால் பேச்சு வரும், பேச்சு வந்தால் பிளாஸ்திரி வரும். மூன்று வருஷம் போய்விட்டது.

போன மாதம் குழுவில் யாரோ அதே கேள்வியைக் கேட்டார்கள். நான் நீளமாகப் பதில் எழுதினேன். கட்டாயம் எடுத்துப் போங்கள், எங்களுக்கு இப்படி ஒன்று நடந்தது, என் இரண்டாவது கேமராமேன் கார்டை மாற்றி வைத்துவிட்டார் என்று. இந்த மூன்று வருஷத்தில் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேனோ, சரளமாக வந்தது. அனுப்பியும் விட்டேன். பாராட்டிக் கட்டைவிரல் குறிகள் நிறைய வந்தன. குழுவில் எட்வின் இன்னும் இருக்கிறான் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். அவனும் ஒரு வரி போட்டிருந்தான்: “ஆமா பிரதர்ஸ், தப்பு என்னுதுதான். அண்ணன் சொல்றத கேளுங்க.”

கவிழ்த்துக் காட்டியது

அன்றே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆரம்பாக்கம் போனேன். எட்வின் வீட்டில் இருந்தான். மரியதாஸின் கட்டில் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பாதிப் படத்தைத் திறந்து வைத்தேன். வைத்துவிட்டு, பேச வேண்டியதை விட்டுவிட்டு, கார்டு எப்படி அழிகிறது, எப்படி மீட்கிறார்கள் என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். இரண்டு பேரும் பொறுமையாகக் கேட்டார்கள். ஒரு கட்டத்தில் எனக்கே என் குரல் சகிக்கவில்லை. லேப்டாப்பை மூடினேன். கவிழ்த்தேன். அடிப்பக்கத்தில் மூன்று வருஷமாக ஒட்டி வைத்திருந்த பிளாஸ்திரித் துண்டு மஞ்சளாகிப் போயிருந்தது. “நீ சரியாத்தான் வச்ச எட்வின். பேரும் ஒட்டியிருந்த. நான்தான் பாக்காம அழிச்சேன். உரிச்சு மறைச்சதும் நான்தான்” என்றேன்.

எட்வின் குனிந்து அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தான். “என் எழுத்து” என்றான். எழுந்து வெளியே போய்விட்டான். முற்றத்தில் குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, எழுந்து போகவும் கால் வரவில்லை. மரியதாஸ் என்னைத் திட்டவில்லை. நல்ல கையால் லேப்டாப்பை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

“நான் நின்னது எனக்குத் தெரியும், எம் பொண்ணுக்குத் தெரியும். அதுக்கு எனக்குப் படம் வாணாம். ஆனா மூணு வருசமா எம் புள்ள எம் மூஞ்சப் பாத்துப் பேசல. அந்த மூணு வருசத்த எங்கயாவது காப்பி போட்டு வச்சிகீறியாப்பா நீ?”

ஆகவே, லேப்டாப் எடுத்துப் போகலாமா என்று கேட்கும் சக பாவிகளுக்கு என் பதில்: தாராளமாக எடுத்துப் போங்கள், வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காராமல் இருந்தால் போதும்.